கியர் மாற்றத் தெரியாத பிள்ளையா, மாற மறுக்கும் கியரா?



சென்ற பள்ளி விடுமுறையின்போது என் மகனை நான் கடிந்துகொண்டேன். ஆறாம் ஆண்டில் பயில்பவன். கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு அருகில் ஓர் ஏற்றம் உண்டு. அதில் அவன் முன்னே செல்ல, நான் பின்னே சென்றுகொண்டிருந்தேன். அவனுடைய மிதிவண்டியின் பின்சக்கரத்திலிருந்து கடகடவென்று ஓசை எழுந்தது. சங்கிலி அடுத்த பற்சக்கரத்தில் ஏறுவதா, இருந்த இடத்திலேயே இருப்பதா என்று தெரியாமல் தத்தளித்தது. முந்திய வாரம்தான் ஒரு கடையில் கொடுத்துக் கியர் கேபிளை மாற்றியிருந்தோம். புதுக் கேபிள் போட்ட பிறகும் இப்படி என்றால் குறை ஓட்டுபவனிடம்தானே இருக்க வேண்டும்? "உனக்குக் கியர் மாற்றவே தெரியவில்லை, எத்தனை முறைதான் சொல்வது?" என்றேன். "நான் சரியாத்தான் மாத்தினேன்ப்பா" என்றான். நான் நம்பவில்லை.

அன்று நான் சொன்ன அந்த வாக்கியத்திற்கு ஒரு வரலாறு உண்டு என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன். 1984ஆம் ஆண்டுக்கு முன் ஒருவர் அதைச் சொல்லியிருந்தால் பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கும். அதற்குப் பின் வந்த வண்டிகளைப் பார்த்துச் சொன்னால் பெரும்பாலும் தவறு. அது எப்படி என்று விளக்கவே இந்தக் கட்டுரை. சற்று நீளமாகத்தான் இருக்கும், பொறுத்தருள்க.

நம் மண்ணிலிருந்தே தொடங்குகிறேன். என் தந்தையாரின் மிதிவண்டிக்குக் கியர் என்ற ஒன்றே கிடையாது. முன்னால் ஒரு பற்சக்கரம், பின்னால் ஒன்று, இடையில் தடித்த சங்கிலி, அவ்வளவுதான். அதில்தான் அவர் நாள்தோறும் கிள்ளான் ஆற்றைக் கடந்து வேலைக்குச் சென்று வந்தார். கோத்தா பாலத்தைப் பற்றிக் கிள்ளான்வாசிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1961இல் திறக்கப்பட்ட இரட்டைத்தட்டுப் பாலம் அது. மேல்தளம் அன்று மோட்டார் வண்டிகளுக்கு. கீழ்த்தளம் நடந்து செல்வோருக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும். மிதிவண்டிக்கென்று பாலத்தில் ஒரு தளத்தையே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்றால், அக்காலத்தில் எத்தனை பேர் அதில் மிதித்துச் சென்றிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்! தோட்டப்புறங்களிலும் இதே காட்சிதான். பால்மரம் சீவச் செல்வோர், வேலைக்காட்டைச் சுற்றிவரும் கிராணி, மாலையில் மணியடித்துக்கொண்டு வரும் ரொட்டிக்காரர் ஆகிய எல்லாருக்கும் ரேலி, ஹெர்குலிஸ் போன்ற கனத்த ஒற்றைப்பல் வண்டிகளே வாய்த்திருந்தன. ஏற்றம் வந்தால் எழுந்து நின்று மிதிப்பார்கள். அதுவும் முடியாவிட்டால் இறங்கித் தள்ளுவார்கள். அதுதான் அவர்களுடைய கியர் மாற்றம்.

இந்த எளிமைக்கு ஒரு பயங்கரமான சான்றும் நம் நாட்டு வரலாற்றில் உண்டு. 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கிய ஜப்பானியப் படை, 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூருக்குள் நுழைந்துவிட்டது. அப்படையின் வேகத்திற்கு மிதிவண்டிகள் ஒரு முக்கியக் காரணம். ஒரு டிவிஷனுக்கு ஏறத்தாழ 6,000 மிதிவண்டிகள் இருந்ததாக, அந்தப் படையெடுப்பைத் திட்டமிட்டவர்களில் ஒருவரான சுஜி மசனோபு பிற்காலத்தில் எழுதினார். போருக்கு முன்பே மலிவான ஜப்பானிய மிதிவண்டிகள் மலாயாவில் விற்பனையாகியிருந்ததால், பழுது பார்க்கப் பாகங்களும் எளிதாகக் கிடைத்தனவாம். நம் வெயிலில் டயர்கள் வெடித்தபோது வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டிச் சென்றார்கள். கெட்டுப்போகக் கியர் இருந்தால்தானே கெட்டுப்போகும்!

கியர் என்ற எண்ணம் வேறு மண்ணில் முளைத்தது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பெயரில் மூன்று வேகக் கியர் வந்துவிட்டது. அது பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும். மழையும் சேறும் அண்டா. சங்கிலி இடம் பெயராது. ஆனால் நம் கதையின் நாயகன் அதுவன்று. சங்கிலியையே ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளிவிடும் கருவிதான் நாயகன். அதை வளர்த்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் போல் தெ விவீ என்பவர். சாந்த் எத்தியேன் நகரில் மிதிவண்டி இதழ் ஒன்றை நடத்திவந்த அவர், வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதினார். மலைப்பாதையில் முதியவரும் பெண்களும் ஓட்ட வேண்டுமானால் வண்டிக்குப் பல கியர்கள் வேண்டும் என்று தம் வாழ்நாள் முழுவதும் வாதாடினார்.

எதிர்ப்பு சாதாரணமானதன்று. பிரான்சு நாட்டு மிதிவண்டிப் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெகிரான்ஜ், மாறும் கியரெல்லாம் நாற்பத்தைந்தைக் கடந்தவர்களுக்குத்தான் என்று ஏளனம் செய்தார். (அந்த வயதை எட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் எனக்கு இதைப் படித்தபோது சற்று உறுத்தியது உண்மை.) அவருடைய பந்தயத்தில் ஓடியவர்கள் பின்சக்கரத்தின் இரு பக்கமும் வெவ்வேறு அளவுப் பற்சக்கரங்களைப் பொருத்தியிருப்பார்கள். மலையடிவாரம் வந்ததும் இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, திருப்பிப் போட்டு, மீண்டும் ஏறுவார்கள். மலை உச்சியில் மறுபடியும் அதே வேலை. இத்தாலியரான துல்லியோ கம்பஞோலோ 1927இல் பனி கொட்டும் ஒரு கணவாயில் விறைத்துப்போன விரல்களால் சக்கரத்து மரையைத் திருக முடியாமல் தவித்ததால்தான் நொடியில் கழலும் அச்சைக் கண்டுபிடித்தார் என்றொரு கதை உண்டு. நடந்ததா என்று ஐயுறுகிறார்கள் ஆய்வாளர்கள். ஆனால் விரல் விறைத்தது ஒருவருக்கு மட்டுமா என்ன? தெகிரான்ஜ் உடல்நலம் குன்றி விலகிய பின், 1937இல்தான் அந்தப் பந்தயத்தில் சங்கிலி மாற்றும் கருவிக்கு அனுமதி கிடைத்தது. அவ்வாண்டு வென்ற ரொஜே லப்பேபி அக்கருவியைப் பொருத்திய வண்டியில்தான் வென்றார்.

அந்தக் கருவிக்குப் பிரெஞ்சில் 'தெரையர்' என்று பெயர். தண்டவாளத்திலிருந்து இறக்கிவிடுவது என்று பொருள். நம் கடைக்காரர்கள் இரண்டே எழுத்தில் 'ஆர்.டி.' என்கிறார்கள். இந்தப் பெயரின் பொருளை எனக்கு முதன்முதலில் சொன்னவர் என் தாய்மாமா. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருந்தவர்; ரயில்வே ஊழியர். "எங்க வேலையில தடம் புரண்டா விசாரணை வரும், இதுல தடம் புரளுறதுதான் வேலை" என்று சிரிப்பார். எங்கிருந்து தெரிந்துகொண்டாரோ!

மாமாவிடம் பத்துக் கியர் 'ரேசர்' ஒன்று இருந்தது. முன்னால் இரண்டு பற்சக்கரம், பின்னால் ஐந்து. பள்ளி விடுமுறைக்குக் கிள்ளானிலிருந்து ரயிலேறி அவர் வீட்டுக்குச் செல்வேன். பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலைப் பக்கத்துத் தெருக்களில் அதை ஓட்டித்தான் நான் கியர் மாற்றக் கற்றேன். அதன் கியர்க்கோல் கைப்பிடியில் இராது. சட்டகத்தின் சாய்வுக் குழாயில் இருக்கும். இப்போதைய வண்டிகளைப்போல் அதில் 'க்ளிக்' என்ற ஓசையே எழாது. வானொலியின் ஒலியைக் கூட்டிக் குறைப்பதுபோல் கோல் வழவழவென்று நகரும். எங்கே நிறுத்துவது என்று அது சொல்லாது. நாம்தான் நிறுத்த வேண்டும். மிதிப்பதை நிறுத்தாமல் அழுத்தத்தை மட்டும் குறைத்து, கோலைச் சற்று அதிகமாக இழுத்து, சங்கிலி மேலே ஏறியதும் மயிரிழை திருப்பிவிட வேண்டும். கடகடப்பு நின்றால் சரி. நிற்காவிட்டால் இன்னும் கொஞ்சம். "காதால மாத்துடா, கையால மாத்தாத" என்பார் மாமா. மேட்டில் கியர் சிக்கிக்கொண்டால் அவர் வண்டியைக் குனிந்து பார்த்ததே இல்லை. என்னைத்தான் பார்ப்பார். அவர் பார்த்ததில் நியாயமும் இருந்தது. உராய்வினால் மட்டுமே கோல் நிற்கும் அந்த வண்டியில் கேபிள் சற்றுத் தளர்ந்தால் என்ன, தகடு சற்று வளைந்தால் என்ன, ஓட்டுபவரின் கை அதை ஈடுகட்டிவிடும். ஈடுகட்டவில்லையென்றால் கைக்குப் பயிற்சி போதவில்லை என்றே பொருள்.

இனி 1984க்கு வருவோம். அதற்கு முன் இருபதாண்டு பின்னே செல்ல வேண்டும். சன்டூர் என்ற பெயரில் பாகங்கள் விற்ற ஜப்பானின் மயேதா நிறுவனம், 1964இல் சாய்ந்த இணைகர அமைப்புள்ள கருவியைக் கொண்டுவந்தது. பின் பற்சக்கரங்களை அடுக்கிப் பார்த்தால் கூம்புபோல் இருக்கும் அல்லவா? பழைய கருவிகள் அக்கூம்புக்கு அடியில் நேர்கோட்டில் நகர்ந்தன. அதனால் சிறிய பல்லுக்கு வரும்போது பற்சக்கரத்துக்கும் உருளைக்கும் இடைவெளி கூடிவிடும், மாற்றம் மந்தமாகும். சன்டூர் கருவியோ கூம்பின் சரிவை ஒட்டியே சாய்வாக நகர்ந்தது. எல்லாப் பற்களிலும் இடைவெளி ஏறத்தாழ ஒன்றே. எளிய வடிவியல்தான்; ஆனால் காப்புரிமை இருந்த வரை பிறர் அதைத் தொட முடியவில்லை. அந்த உரிமை 1984இல் காலாவதியானது.

அதே ஆண்டில்தான் ஷிமானோ நிறுவனம் தன் உயர்தரப் பந்தயப் பாகங்களில் க்ளிக் முறையைப் புகுத்தியது. ஒசாக்காவை அடுத்த சாக்காய் நகரில் 1921இல் ஷிமானோ ஷோசபுரோ தொடங்கிய பட்டறை அது. பரம்பரையாகக் கத்தியும் துப்பாக்கியும் அடித்த கொல்லர்களின் ஊர். 1970களிலேயே 'பாசிட்ரான்' என்ற பெயரில் ஒரு க்ளிக் முறையை முயன்று பார்த்து அவர்கள் தோற்றிருந்தார்கள். இம்முறை வென்றதற்குக் காரணம், கோலை மட்டும் செய்து விற்காததே. கோல், கேபிள், கேபிள் உறை, ஆர்.டி., சங்கிலி, பற்சக்கரம் அனைத்தையும் ஒன்றுக்கொன்று பொருந்தும் ஒரே குடும்பமாக வடித்தார்கள். மலையேறும் மிதிவண்டி மோகமும் சேர்ந்துகொள்ள, பத்தாண்டுக்குள் உராய்வுக்கோல் ஏறக்குறைய மறைந்தே போனது. சன்டூர் சந்தையை இழந்தது. ஷிமானோ 1973இலேயே சிங்கப்பூரில் தொழிற்சாலை தொடங்கியிருந்தது. பிறகு நம் ஜொகூர் பொந்தியானிலும் தொடங்கியது. சில பாகங்களின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் நம் நாட்டின் பெயரே பொறிக்கப்பட்டிருக்கும்.

க்ளிக் முறையில் என்ன நடக்கிறது? என் மகனுடைய வண்டியில் பின்னால் எட்டுப் பற்சக்கரங்கள். அவ்வகையில் ஒரு பல்லின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 4.8 மில்லிமீட்டர். ஒரு க்ளிக்கில் கோல் கேபிளை ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர் இழுக்கும், ஆர்.டி. அதைச் சுமார் 1.7 மடங்காக்கி நகரும். பெருக்கிப் பாருங்கள், 4.8 அருகில் வரும். கணக்கு அவ்வளவு நெருக்கமானது. பத்துப் பற்சக்கரம் உள்ள வண்டியில் இடைவெளி 3.95 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். ஆக, எங்கே நிறுத்துவது என்ற முடிவு பிள்ளையின் கையைவிட்டுப் போய்விட்டது. முடிவெடுப்பது தொழிற்சாலை. பிள்ளை செய்வது ஒரு பொத்தானை அழுத்துவது மட்டுமே. மேட்டில் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் இன்றும் சங்கிலி முரண்டு பிடிக்கும், அதை மறுக்கவில்லை. ஆயினும் சமதரையில், மெல்ல மிதிக்கும்போதும் கடகடத்தால், குறை வண்டியில்தான். நானோ மாமாவின் வண்டியில் கற்ற தீர்ப்பை மகனின் வண்டிக்கு வழங்கிக்கொண்டிருந்தேன்.

இனி, நான் செய்த பிழையைச் சொல்லியாக வேண்டும். ஏற்றத்தில் கடிந்துகொண்ட அன்று மாலையே திருப்புளியுடன் உட்கார்ந்தேன். கேபிள் நுழையும் இடத்திலுள்ள சிறு குமிழைத் திருகினேன். சிறிய பற்களில் அமைதி வந்தது, பெரிய பற்களில் ஓசை கூடியது. எதிர்ப்புறம் திருகினேன்; பெரிய பற்கள் சரியாயின, சிறியவை கெட்டன. பொறுமை போயிற்று. ஆர்.டி.யில் 'எச்', 'எல்' என்று குறித்த இரண்டு திருகுகள் இருக்கும். பெரிய பல்லில் ஏறத் தயங்குகிறதே என்று எல் திருகைத் தளர்த்திவிட்டேன். ஏறியது! எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் அதே ஏற்றத்தில் சங்கிலி பெரிய பல்லையும் தாண்டி, பற்சக்கரத்துக்கும் சக்கரத்தின் ஆரக்கம்பிகளுக்கும் இடையே போய் விழுந்தது. பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. மகன் சாலையில் விழுந்தான். முழங்கையிலும் முழங்காலிலும் சிராய்ப்பு. பின்னால் கார் ஏதும் வரவில்லை. அந்த ஒரு வரிக்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

கோலாலம்பூரில் மிதிவண்டி பழுதுபார்க்கும் ஒரு முதிய சீனரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். நான் கேபிள், குமிழ், திருகு என்று அடுக்கிக்கொண்டே போக, அவர் ஒன்றும் பேசாமல் வண்டியின் பின்னால் குந்தி உட்கார்ந்தார். எதையும் தொடவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு மகனிடம், "ஜாத்தோ செபெலா கானான்?" என்று மலாயில் கேட்டார். வலப்பக்கமாக விழுந்ததா என்று.

மகன் என் முகத்தைப் பார்த்தான். பின்பு சொன்னான். இரண்டு மாதங்களுக்கு முன் டியூஷன் நிலையத்தில் வரிசையாக நிறுத்தியிருந்த மிதிவண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தனவாம். இவனுடையது அடியில், வலப்பக்கம் தரையில் பட. பிற வண்டிகளின் பாரமெல்லாம் ஆர்.டி.மேல். வீட்டில் சொன்னால் திட்டு விழும் என்று சொல்லவில்லையாம்.

பெரியவர் ஆர்.டி.யைக் கழற்றினார். அது தொங்கும் சிறு தகட்டுக்குக் கடையில் 'ஹேங்கர்' என்று பெயர். அதன் மரையில் ஒரு நீண்ட கோல் உள்ள கருவியை முறுக்கி, கோலின் நுனியைச் சக்கர வளையத்தின் மேலும் கீழும் முன்னும் பின்னும் வைத்துக் காட்டினார். நான்கு இடத்திலும் நுனிக்கும் வளையத்துக்கும் இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் நுனி வளையத்தை உரசியது. அதற்கு நேர் எதிரே என் சுண்டுவிரலே நுழைந்தது. தகடு உள்நோக்கி வளைந்திருந்தது. கோணமே மாறிவிட்ட பிறகு கேபிளை எவ்வளவு திருகி என்ன? ஒரு முனையில் சரிசெய்தால் மறு முனையில் கெடத்தான் செய்யும். நான் குமிழோடு போராடியபோது கண்டது அதைத்தான், கண்டும் புரிந்துகொள்ளவில்லை. தகடு வளைந்ததால் ஆர்.டி. ஏற்கெனவே ஆரக்கம்பிகளின் பக்கம் நெருங்கியிருந்தது. இருந்த ஒரே தடுப்பான எல் திருகையும் நான் தளர்த்திவிட்டேன்.

அலுமினியச் சட்டகங்களில் அந்தத் தகடு வேண்டுமென்றே மெல்லியதாகச் செய்யப்படுகிறது. விழும்போது சட்டகம் உடையாமல் தகடு வளைந்து அடியைத் தாங்கிக்கொள்ளட்டும் என்பதே எண்ணம். மாமாவின் இரும்பு வண்டியிலும் தகடு வளைந்திருக்கக்கூடும். உராய்வுக்கோலில் அது வெளியே தெரிந்திராது. க்ளிக் முறைதான் அதை ஊரறியச் செய்கிறது.

பெற்றோர்கள் தம் பிள்ளைகளின் வண்டியைப் பார்ப்பதற்குப் பெரியவரிடம் நான் கற்ற வரிசையைச் சொல்கிறேன். முதலில் வண்டிக்குப் பின்னால் குந்துங்கள். ஆர்.டி.யின் இரண்டு சிறு உருளைகளும் பற்சக்கரத்துக்கு நேர்க்கீழே, ஒரே கோட்டில் தொங்க வேண்டும். கோணலாகத் தெரிந்தால் வேறெதையும் தொடாதீர்கள். தகட்டைச் சரிபார்க்கும் கருவி உள்ள கடைக்குப் போங்கள். தகடு ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு வடிவம் என்பதால், பழைய தகட்டையோ வண்டியையோ கொண்டுபோவது நலம். எங்களுக்கு அதே வடிவம் கிடைக்க ஒரு வாரம் ஆயிற்று.

தகடு நேராக இருந்தால் அடுத்தது கேபிள். நம் ஊர் மழையில் இதுதான் அதிகம் கெடுகிறது. ஆர்.டி.க்குள் நுழையுமுன் கேபிள் உறை ஒரு வளைவு வளையும். மழைநீரும் மண்ணும் அங்கேதான் தங்கும். பெரிய பல்லுக்கு நன்றாக ஏறி, சிறிய பல்லுக்கு இறங்க மட்டும் தாமதித்தால் உறைக்குள் துரு என்று பெரும்பாலும் துணியலாம். ஏற்றும்போது நம் கை இழுக்கிறது, இறங்கும்போது ஆர்.டி.யின் சுருள்வில் மட்டுமே இழுக்கிறது, அதற்கு அவ்வளவு பலமில்லை. மாறாக, இறங்குவது நன்றாயிருந்து ஏறத் தயங்கினால் கேபிள் தளர்ந்திருக்கிறது. புதுக் கேபிள் போட்ட சில நாளில் இது இயல்பு. குமிழைப் பின்னாலிருந்து பார்த்து இடப்புறமாகக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருகினால் போதும். ஒரு முழுச் சுற்றே கேபிளை ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்தாது. ஆகவே அஞ்ச வேண்டாம். இன்னொன்று: பிரேக் உறையும் கியர் உறையும் ஒன்றல்ல. பிரேக் உறை சுருள்கம்பியால் ஆனது, இழுத்தால் அமுங்கும். அதைக் கியருக்குப் போட்டால் க்ளிக் கணக்கு தவறிவிடும். மலிவுக்காக அப்படிப் போட்டுத் தந்த வண்டிகளை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

சங்கிலியை அளக்க ஆசிரியர்களாகிய நம்மிடம் கருவி இருக்கவே இருக்கிறது. அங்குலம் குறித்த 12 அங்குல அடிக்கோல். ஓர் ஆணியின் நடுவில் சுழியத்தை வைத்தால் 12 அங்குலத்தில் சரியாக இன்னோர் ஆணியின் நடு வர வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப்போயிருந்தால் சங்கிலியை மாற்றும் காலம். எட்டில் ஒரு பங்கு என்றால் பற்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும், செலவு கூடும். எச், எல் திருகுகளைக் கடைசியில்கூடத் தொட வேண்டியதில்லை. அவை கியரை ஓசையின்றி மாற்றுவதற்காக வந்தவை அல்ல. சங்கிலி இரு ஓரங்களிலும் விழாதிருக்க வைத்த வேலி. வேலியைத் திறந்துவிட்டு ஆடு மேய்கிறது என்று மகிழ்ந்தவன் நான்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் குறையறி தேர்வு என்று ஒரு பாடம் படித்தோம், நினைவிருக்கும். வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு முதலில் கண் தெரிகிறதா, காது கேட்கிறதா என்று பார். பிறகு எழுத்து, பிறகு சொல் என்று படிப்படியாக வா. பார்க்கும் முன்னே பயிற்றாதே. குறைநீக்கல் வகுப்பில் இதை ஆண்டுக்கணக்கில் செய்துவந்திருக்கிறேன். கரும்பலகையைப் பார்க்காத மாணவனைச் சோம்பேறி என்று எண்ணியிருந்து, பிறகு மூக்குக்கண்ணாடி வாங்கித் தந்ததும் அவன் மளமளவென்று எழுதியதைக் கண்டு கூசியும் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் தெரிந்தது வீட்டு முற்றத்தில் தெரியாமல் போயிற்று.

புதுத் தகடு போட்ட அன்று மகன் எட்டுப் பற்களையும் ஏற்றி இறக்கிக் காட்டினான். க்ளிக், க்ளிக் என்பதைத் தவிர வேறு ஓசை இல்லை. "நீ சரியாகத்தான் மாற்றியிருக்கிறாய், அப்பாதான் தவறாகச் சொல்லிவிட்டேன்" என்றேன். தலையாட்டிக்கொண்டான். வளைந்த பழைய தகடு இப்போது என் மேசை இழுப்பறையில் சிவப்புப் பேனாக்களோடு கிடக்கிறது.

மாமாவின் பத்துக் கியர் வண்டி இன்னும் எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் இருக்கிறது. சென்ற வாரம் டயர் மாற்றி, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு மகனை ஓட்டச் சொன்னேன். சாய்வுக் குழாயில் கையை வைத்துக் கோலை இழுத்தான், சங்கிலி கடகடத்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தான். ஒரு பல்லைத் தாண்டி அடுத்ததற்குத் தாவியது. மூன்று தெரு சுற்றி வந்து, வியர்வையோடு இறங்கிச் சொன்னான்: "இதுல நான்தான்ப்பா தப்பா மாத்துறேன். இதுக்கு வேணும்னா திட்டுங்க."